மாப் வண்டியில் ஓடிய பச்சைப் புள்ளி

என் அத்தைக்கு ஆஸ்பத்திரியில் 'சக்கரம்' என்று பெயர். ஸ்ட்ரெச்சர், சிலிண்டர், அழுக்குத் துணி மூட்டை என்று உருளுகிற எதையும் தள்ளிக்கொண்டு போவதுதான் அவள் வேலை. ஆனால் அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. குக்கர் விசில் அடித்தால் ஓரடி பின்னால் போவாள். லிஃப்டில் தனியாக ஏற மாட்டாள். மேலதிகாரி போனில் கூப்பிட்டால் வீட்டில் இருந்தாலும் எழுந்து நின்றுதான் பேசுவாள்.

"உக்காந்து பேசினா அவருக்குத் தெரிஞ்சிடுமா பாப்பா?" என்று அப்பா கேலி செய்வார். அத்தை அவருக்கு ஒரே தங்கை. தலை நரைத்த பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் ஒரு மிஷின் வேண்டுமென்றால் அத்தை மாடி மாடியாக ஏறித் தேட வேண்டும். பிறகு எல்லா மிஷின்களிலும் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் டேக் ஒட்டினார்கள். கீழ்த்தளத்துக் கண்ணாடி அறையில் பெரிய திரை வந்தது. எந்த மிஷின் எங்கே இருக்கிறது, எதில் சார்ஜ் குறைந்திருக்கிறது என்று எல்லாமே அங்கே தெரியும். நோயாளியோடு கூடவே தூக்கிப் போகிற சின்ன வென்டிலேட்டர்களுக்கு ஒரு விதி இருந்தது. நகர்ந்துகொண்டிருந்தால் பச்சைப் புள்ளி, அதாவது உபயோகத்தில் இருக்கிறது. அசையாமல் கிடந்தால் சாம்பல் புள்ளி, கேட்கிற வார்டுக்கு அனுப்பிவிடலாம்.

அத்தை வேலை செய்த மூன்றாவது மாடி வார்டின் வென்டிலேட்டரும் ஒருநாள் அப்படித்தான் வேறு வார்டுக்குப் போனது. அது போன கொஞ்ச நேரத்தில் இங்கே ஒரு அம்மாவுக்கு மூச்சு முட்டியது. மிஷினைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. மறுநாள் தலைமை சிஸ்டர் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சக்கரம், நம்ம வென்டிலேட்டர் டேக்கை உரிச்சு, தரை துடைக்கிற மாப் வண்டியில ஒட்டிடு" என்றார். "அது நாள் முழுக்க சுத்திட்டே இருக்கும். திரையில பச்சையாவே தெரியும். ஒருத்தனும் நம்ம மிஷினைக் கேக்க மாட்டான்."

"கண்டுபிடிச்சா என்ன பண்றது சிஸ்டர்?"

"நான் பாத்துக்கறேன். நீ ஒட்டு."

அத்தை ஒட்டினாள். மிஷினைத் துணி அலமாரியில் போர்வைகளுக்குப் பின்னால் வைத்தாள். அன்றிலிருந்து மாப் வண்டி எதிரே வந்தால் அவள் வேறு பக்கம் திரும்பிப் போய்விடுவாள்.

அப்பா பெயின்டர். ஜன்னல் திறக்காத ஒரு அறையில் வேலை செய்த அன்று அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. வண்டியில் ஏற்றும்போதே உதடு நீலமாகியிருந்தது. அத்தையின் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். அங்கே இருந்த வென்டிலேட்டர்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு சிஸ்டர் ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்தி அப்பாவுக்கு மூச்சு கொடுத்தார். அவர் அழுத்தினால்தான் அப்பாவின் நெஞ்சு ஏறியது. அந்தக் கை சோர்ந்துபோனால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

டாக்டர் கண்ணாடி அறைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மூணாவது மாடியில ஒண்ணு இருக்கு சார். ஆனா ஓடிட்டிருக்கு, பச்சை. அடுத்தது பின் கட்டடத்துல. அங்க ஆபரேஷன் முடியணும்."

செய்தி கேட்டு ஓடிவந்த அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பாவைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"அது ஓடல சார்" என்றாள். "அலமாரியில இருக்கு."

டாக்டர் திரும்புவதற்குள் அவள் லிஃப்டுக்குள் இருந்தாள். தனியாக.

அலமாரியைத் திறந்தாள். போர்வைகளை இழுத்துக் கீழே போட்டாள். மிஷின் இல்லை. கடைசித் தட்டு வரை கையை விட்டுத் துழாவினாள். இல்லவே இல்லை.

"எங்க சிஸ்டர்?"

"இங்கதானே இருந்துச்சு!" தலைமை சிஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. "யாரு எடுத்தது?"

யார் எடுத்தது என்று இப்போது திரையிடமும் கேட்க முடியாது. திரைக்குத் தெரிந்ததெல்லாம், மாப் வண்டி வராந்தாவில் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான். சிஸ்டர் ஒவ்வொரு வார்டாகப் போன் செய்தார். "டேக் இல்லாத மிஷின் ஏதாவது வந்துச்சா?" ஏதோ சோதனை என்று எல்லோரும் பயந்தார்கள். எங்களிடம் இல்லை என்றே எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது.

அத்தை மாடிப்படியில் இறங்கி ஓடினாள். வரவேற்பு மேஜையில் டாக்டர்களைக் கூப்பிடுகிற மைக் இருக்கும். அங்கிருந்த பெண் தடுப்பதற்குள் அதை இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி முழுக்க அவள் குரல் கேட்டது. அப்பாவின் கட்டிலருகே நின்ற எனக்கும் கேட்டது.

"நான் சக்கரம் பேசறேன். மூணாவது மாடி வென்டிலேட்டர்ல இருந்து டேக்கை உரிச்சது நான்தான். தப்பு என்னோடது. எடுத்தவங்க மேல ஒரு தப்பும் இல்ல. கீழ எங்க அண்ணன் மூச்சில்லாம கிடக்கறார். யார்கிட்ட இருந்தாலும் கொண்டாங்க. உங்க கால்ல விழறேன்."

மைக் அணைந்தது. பை அழுத்துகிற புஸ் புஸ் மட்டும். அந்த சிஸ்டரின் நெற்றியிலிருந்து வியர்வை அப்பாவின் தோளில் சொட்டியது. இன்னொரு சிஸ்டர் கை மாற்றிக்கொண்டார். மாறிய அந்த ஒரு நொடி அப்பாவின் நெஞ்சு எழவில்லை.

டயாலிசிஸ் அறை உதவியாளர் ஒருவர் மிஷினை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். "டேக் இல்லாம கிடந்துச்சு சார். கணக்குல இல்லாததுதானேன்னு எங்க அவசரத்துக்கு எடுத்து வெச்சுட்டேன். போன்ல கேட்டப்ப பயமாயிடுச்சு."

டாக்டர் சுவிட்சை அழுத்தினார். சிவப்பு விளக்கு சிமிட்டி அணைந்தது. சார்ஜ் இல்லை. டேக் அதில் இருந்திருந்தால் அதைத் திரை எப்போதோ சொல்லியிருக்கும். அத்தை வயரை எடுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தாள். கட்டிலுக்கு அடியில் பிளக் கிடைத்தது. இரண்டு முறை செருகியும் நழுவியது. மூன்றாவது முறை மிஷின் பீப் என்றது. அப்பாவின் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. அத்தை கட்டிலுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் குழாயை எடுத்தார்கள். அப்பாவுக்குக் குரல் கரகரத்தது. அத்தை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுநாள் காலை அவளுக்கும் தலைமை சிஸ்டருக்கும் விசாரணை இருந்தது.

"வேலை போயிடும்ணா."

"போனா போகட்டும். நான் ஒருத்தன் போகலியே." அப்பா கொஞ்சம் இருமிவிட்டுக் கேட்டார். "லிஃப்ட்ல தனியாவா போன?"

"ஆமா."

"பொய் சொல்ற பாப்பா."

அவள் சிரிக்கவில்லை. அப்பா கண்ணை மூடியதும் அவர் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டாள். மானிட்டரில் பச்சைக் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.