விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த குரல்

நுன்சியோ பெட்ரில்லியைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் தொண்டையில்தான் ஆரம்பிக்க வேண்டும். தெற்கு பிலடெல்பியாவில், ஒன்பதாம் தெருச் சந்தையில் நாற்பது வருடம் காய்கறி விற்றவன். தக்காளிக்காக அவன் போடும் கூச்சல் இரண்டு தெரு தாண்டி என் அடுப்படியில் கேட்கும். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவன் கோபம், சிரிப்பு, குறட்டை எல்லாவற்றிலும் எனக்குப் பங்கு உண்டு. எத்தனையோ நாள் சுவரைத் தட்டித் திட்டியிருக்கிறேன்.

போன வருடம் புற்றுநோய் என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இத்தாலிக்காரனுக்குக் கை இருந்தால் போதும், பேசிவிடுவான் என்று சந்தையில் கேலி செய்தார்கள். அவனும் கையாலேயே எல்லாரோடும் சண்டை போட்டான். உடைந்துபோனது அவன் மனைவி எல்விராதான். கல்யாணப் படத்தைத் தேடி எடுத்து ஓட்டிப் பார்த்தாள். வாய் அசைந்ததே தவிர, அதில் ஓசை இல்லை.

"அந்த மனுஷன் குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருது லிதியா," என்றாள் என்னிடம். "என் பேரை எப்படிக் கூப்பிடுவான்னு நெனச்சுப் பாக்குறேன், வரமாட்டேங்குது."

பக்கத்து வீட்டில் அத்தனை அமைதி எனக்கே தாங்கவில்லை.

பதினெட்டு வயதில் அவன் பாடகன். தெருமுனையில் ஐந்து பையன்கள் சேர்ந்து பாடுவார்கள். மழை வந்தால் மாதா கோயில் கழிவறைக்குள் புகுந்துவிடுவார்கள், டைல்ஸ் பதித்த சுவரில் குரல் நன்றாக எதிரொலிக்கும் என்று. நுன்சியோவுக்கு அடிக்குரல். சின்னக் கம்பெனி ஒன்று அவர்களை வைத்து ஓர் இசைத்தட்டு போட்டது. விற்கவில்லை, கம்பெனியும் மூடியது. கைக்கு வந்த ஒரே தட்டை அவன் தன் அம்மாவிடம் கொடுத்தான். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றாளாம். அவள் போன பிறகு தேடினால் எங்கேயும் இல்லை. வேறு பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எல்விரா அதைக் கேட்டதே கிடையாது.

இந்த வசந்தத்தில் அவனால் நிலவறைப் படி இறங்க முடியாமல் போனது. எங்கள் தெருவில் எல்லாருமே நிலவறையில்தான் சமைப்போம், சாப்பிடுவோம், டிவி பார்ப்போம். மேலே இருக்கும் முன்னறை விருந்தாளிக்கு. அங்கே சோபா பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். வீட்டுக்காரன் உட்கார்ந்தால் உதை விழும். ஆனால் அந்த அறைக்குத் தகுதியான விருந்தாளி என்று ஒருவரும் வந்ததில்லை. பாதிரியாரையே நாங்கள் கீழேதான் உட்காரவைப்போம்.

அந்த அறையில் கட்டில் போடலாம் என்று எல்விராவைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஒருவழியாகச் சாமான்களை நகர்த்த ஆரம்பித்தோம். எல்விராவின் மாமியார் வாங்கிப்போட்ட, ரேடியோவும் இசைத்தட்டும் ஓடும் பெரிய ரேடியோகிராம் பெட்டி அசையவில்லை. மேலே இருந்த லேஸ் துணி, மாதா சிலை, பிள்ளைகள் கோயிலில் புதுநன்மை வாங்கியபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மூடியைத் தூக்கினேன். உள்ளே தலையணை உறையில் சுற்றி ஓர் இசைத்தட்டு.

அட்டையில் ஒரே மாதிரி கோட்டுப் போட்ட ஐந்து பையன்கள். கீழே இத்தாலிய வாசனையே இல்லாத ஐந்து இங்கிலீஷ் பெயர்கள். கம்பெனிக்காரன் மாற்றிவைத்த பெயர்கள். ஓரத்தில் நின்றவனின் காதை எல்விரா விரலால் தொட்டாள்.

"இந்தக் காது என் மூணு பிள்ளைங்களுக்கும் இருக்கு," என்றாள்.

பெற்ற பிள்ளையின் குரலை அந்த அம்மா வீட்டிலேயே சிறந்த இடத்தில் வைத்திருக்கிறாள். விருந்தாளி வந்தால் போட்டுக் காட்ட. எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் அழுகை.

பெட்டி ஓடவில்லை. என் வீட்டிலிருந்து பிளேயரைத் தூக்கி வந்தேன். நாலு பையன்கள் காதலில் உருக, அடியில் ஒருவன் தும் தும் தும் என்றான். அடுத்த பாட்டிலும் தும் தும். எல்விராவின் முகம் வாடிவிட்டது. ஒரு வார்த்தைகூட இல்லையா என்று கேட்டாள்.

கடைசிப் பாட்டில் மற்றவர்கள் அடங்கினார்கள். அடிக்குரல் மட்டும் தனியாக, பாடாமல், பேசியது. நான் கீழே நிற்கிறேன், கண்ணே, சன்னலைத் திற. அவ்வளவுதான்.

"இதான்," என்றாள் எல்விரா. "சந்தையிலேர்ந்து வந்து படியில நின்னு இப்படித்தான் கூப்பிடுவான். இதேதான்."

நுன்சியோ முன்னறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அம்மா அடித்த அடி, இந்த வயதிலும் அறைக்குள் கால் வைக்கவில்லை. எல்விரா சோபாவின் பிளாஸ்டிக்கைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"உள்ள வாய்யா. வந்து உட்காரு. உங்கம்மா காத்துக்கிட்டிருந்த விருந்தாளி நீதான்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஓரமாக உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பாட்டு சுவர் வழியாகத் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் சுவரைத் தட்டவில்லை.