வெளிவராத மழைப் படம்

பழைய வீடியோ கேசட்டை பென் டிரைவில் ஏற்றித் தருவது என் தொழில். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு, கேசட்டை மெஷினில் தள்ளும்போது உள்ளே ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்று எப்படிப் பயமாக இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வெள்ளைப் பூஞ்சை

மணலூர்பேட்டையில் கரும்பு போடும் ரகுபதி, கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் கடைக்கு ஒரு கேசட்டோடு வந்தார். வாலிபத்தில் சென்னையில் கார்ட்டூன் கம்பெனியொன்றில் படம் வரைந்தவராம். அமிர்தவர்ஷினி ராகத்துக்கு மழை பெய்கிற மாதிரி ஒரு குட்டிப் படம் வரைந்திருக்கிறார். படம் வெளிவருவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். மிச்சம் இந்த ஒரே பிரதிதான்.

டேப் முழுக்கப் பூஞ்சை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "உள்ள ஒண்ணும் இல்லன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுப்பா. வூட்ல சொல்லிடாத."

மெஷின் கடித்தது

பூஞ்சையைத் துடைத்து ஓடவிட்ட அன்று அவர் மனைவி செல்வியும் கூட வந்திருந்தார். திரையில் வெறும் புள்ளி. திடீரென்று 'கரக்' என்றது. டேப் உள்ளே சிக்கிவிட்டது. ரகுபதி பார்க்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

மூடியைக் கழற்றி, விரலால் ஒவ்வொரு சுற்றாக எடுத்தேன். அறுந்தால் அந்த மனுஷர் வரைந்ததற்குச் சாட்சியே இல்லை. செல்வியம்மா என் காதருகே வந்து சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தப் பொம்மைப் படத்தயேதான் சொல்லிக்கினு கெடக்கறாரு. ஊரே சிரிக்குது. அது இல்லன்னு ஆயிட்டா மனுசன் தாங்கமாட்டாரு தம்பி."

மழை வந்தது

சுருங்கிய டேப்பை நீவி, வேறு மெஷினில் போட்டேன். முதலில் வயலின் வந்தது, தண்ணீருக்குள்ளிருந்து வாசிப்பதுபோல. வாசலில் நின்றவர் ஓடிவந்தார். காய்ந்த ஆற்று மணல், மேலே கறுத்த மேகம், ஸ்வரம் ஏற ஏற ஒவ்வொரு துளியாக மழை. அந்த மழையில் ஒரு பெண் கையை விரித்துச் சுற்றினாள். டேப் சுருங்கிய இடத்தில் மட்டும் படம் கோணியது. ரகுபதி அழுதேவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

செல்வியம்மா கண் கொட்டாமல் கடைசிவரை பார்த்தார். பிறகு கணவர் பக்கம் மெல்லத் திரும்பினார்: "படம் ரொம்ப நல்லாருக்குதுங்க. அந்தப் பொண்ணு யாரு?"

கேசட் காலியாக இருந்துவிடுமோ என்று இத்தனை வருஷம் பயந்த எனக்கு, அதில் படம் இருப்பதும் அபாயம்தான் என்று ரகுபதியின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது.