ரத்தம் மாறிப்போச்சுங்க

என் அம்மா எதையும் சட்டென்று நம்ப மாட்டார். ஒரு கடையில் வாங்கிய பருப்பை அடுத்த கடைத் தராசில் போட்டுப் பார்க்கிறவர். அவரிடம் போய் கோயமுத்தூர் டாக்டரம்மா, என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு ஆண்களுக்குரிய குரோமோசோம் இருக்கிறது என்றால் சும்மா விடுவாரா?

"ரத்தம் மாறிப்போச்சுங்க. இவ வேலை செய்யற பனியன் கம்பெனியிலயே சைஸ் சீட்டை மாத்தி ஒட்டிப்போடறாங்க. உங்ககிட்ட மட்டும் மாறாதுங்களா?"

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குப் பதினெட்டு வயதாகியும் நான் வயதுக்கு வரவில்லை. தங்கை எனக்கு முன்பே வந்துவிட்டாள். அதற்காகத்தான் அங்கே போனோம். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் அதே பதில்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கருவில் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறோமாம். ஆண் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன், சரியான நேரத்தில் மற்ற ஜீன்களை எழுப்பிவிடும். அவை சேர்ந்துதான் ஆணுக்குரிய விதைகளை உண்டாக்கும். "உங்க பொண்ணுக்கு அந்த ஜீன் பழுதாயிருக்கணுங்க. மத்ததை அது எழுப்பவே இல்லை. கர்ப்பப்பையோட பொண்ணாத்தான் வளர்ந்திருக்கா." உள்ளே வளராமல் கிடக்கும் திசுவில் புற்றுநோய் வரலாம், அதை எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்தால் மாதவிலக்கு வரும் என்றார். கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டித் தராவிட்டால் டெய்லர்கள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பார்களே, அப்படித்தான் என்று நான் புரிந்துகொண்டேன். அம்மாவின் காதில் ஆண் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கையின் பாயை என் பக்கத்திலிருந்து எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

கூடப்பிறந்தவளை நான் என்ன செய்துவிடுவேனாம்? அதன் பிறகு தலை வாரிவிடுகிற சாக்கில் என் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் பக்கத்து வீட்டில் பேசினால் சுவரோரம் நின்று ஒட்டுக் கேட்டேன். வீட்டுக்கு வந்த மாமா காப்பி குடித்த கையோடு கிளம்பினால், அவரிடம் என் விஷயத்தைச் சொல்லிவிட்டாரோ என்று அம்மாவை முறைத்தேன். கல்யாணம் ஆகுமா என்பதெல்லாம் அப்புறம். பெற்ற தாய் என்னை மகளாக நினைக்கிறாரா இல்லையா, அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து, மாத்திரை சாப்பிட ஆரம்பித்து வெகுநாள் கழித்து, ஒரு காலையில் உதிரம் பட்டது. அம்மாவிடம் சொன்னேன். துணியைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திரையில வந்ததுதான?"

கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுக்க ஆத்திரத்தோடு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனேன். அம்மா குறுக்கே கையை நீட்டி மறித்தார்.

எங்கள் வீட்டில் விலக்கான பெண்கள் அந்த நாட்களில் அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. தங்கையை அப்படி வெளியே உட்கார வைக்கும்போதெல்லாம், இதென்ன அக்கிரமம் என்று அம்மாவோடு மல்லுக்கு நின்றவள் நான்.

"உள்ள வராத அம்மிணி. அங்கயே உக்காரு, நா எடுத்தாரேன்" என்றார்.

நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அத்தனை சந்தோஷம் எனக்கு. வயிறு வலிக்கிறதோ என்று அம்மா சந்தேகமாக எட்டிப் பார்த்தார்.