ஆடாமல் கிடைத்த அரையிறுதி

கல்லூரிக் கால்பந்துப் போட்டியின் கடைசி லீக் ஆட்டத்தில் வென்றால்தான் நான் படித்த கல்லூரிக்கு அரையிறுதி. எதிர்த்து ஆடவிருந்த, என் நண்பன் படித்த கல்லூரிக்குச் சமன் செய்தாலே போதும். ஆட்டம் தொடங்கும் முன்பே மணலி ஆலைகள் பக்கமிருந்து வந்த நெடியில் பையன்கள் இருமினார்கள். ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

மறுநாள் திருவொற்றியூர் டீக்கடையில் நண்பன் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா மாமு, திரும்ப ஆட வுடுவாங்களா? எங்க கீப்பருக்கு வெரலு வீங்கிக் கீது."

அங்கே விதி தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆட்ட நடுவராக இருந்த காலம் முழுவதும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகாதவன் நான்.

"விசில் ஊதினப்புறம் நின்னாத்தான் மறு ஆட்டம். ஊதவே இல்லையே. ஆளுக்கு ஒரு பாயிண்ட்," என்றேன்.

"அப்போ நாங்க செமி வந்துட்டோமா?"

"வந்துட்டீங்க."

கடையே அவன் கையைக் குலுக்கியது. எங்கள் பையன்கள் மாதக்கணக்கில் வெயிலில் ஓடியும் கிடைக்காதது, அவர்களுக்கு ஒரு கெட்ட காற்றில் கிடைத்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

"நீயும் வா நைனா, செமிக்கு ஒண்ணா போலாம்," என்றான் பெருந்தன்மையாக.

போனேன். அவர்களை எதிர்த்து ஆடிய கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தொண்டை கட்டும்வரை அதற்காகக் கத்தினேன்.