நடுவில் பதினோரு படங்கள்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அவருக்கு உதவியாளர் வேலை. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுவதில் அப்படியொரு கறார். மாணவர்கள் ‘சொட்டு சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டிலும் அதே கறார்தான். தான் எடுக்கும் படங்களை ஸ்டூடியோவில் கொடுக்கமாட்டார். குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, கும்மிருட்டில் பிலிமை ரீலில் ஏற்றி, தானே கழுவிக்கொள்வார். இருபது வருஷத்தில் ஒரு சுருள்கூட வீணானதில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவருடைய அக்காவின் கணவர் பஸ் டிரைவர். அத்தான் ஓய்வுபெற்ற அன்று சொட்டு சார்தான் கேமராவோடு பணிமனைக்குப் போனார். கடைசியாக ஓட்டி வந்த பஸ்ஸின் படிக்கட்டில் அத்தானும் அக்காவும் உட்கார்ந்தார்கள். கேமராவைக் கண்டாலே முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ளும் மனிதர் அத்தான். அக்கா அவர் காதில் என்னவோ சொல்லப்போய், அன்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சொட்டு சார் விடாமல் அமுக்கித் தள்ளினார்.

இந்த ஒரு சுருளையாவது ஸ்டூடியோவில் கொடுக்கச் சொன்னாள் அக்கா. அவருக்குச் சுருக்கென்றது. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலை வேறொரு சுருளை முதலில் கழுவினார். அந்தக் கையோடு, ரீலை மேலாகத் துடைத்துவிட்டு விளக்கை அணைத்து, அத்தானின் சுருளை ஏற்ற ஆரம்பித்தார். ரீலின் பள்ளங்களுக்குள் ஈரம் இருந்தது. பிலிமுக்கு ஈரம் ஆகாது, பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். பாதி ஏறியதும் சிக்கி நின்றது. அப்போது நிறுத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் வெளிச்சம் புகாத டேங்கில் போட்டு மூடிவிட்டு, பொறுமையாக வேறு வழி பார்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவரோ அழுத்தித் தள்ளினார். விரலுக்கடியில் பிலிம் மடங்கும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து, படம் பார்க்க வீட்டுக்கு வந்திருந்த அக்கா, டிபன் ஆறுகிறதென்று கதவைத் தட்டினாள். தொளதொளத்த தாழ்ப்பாள் ஆடியது. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது போல அவருக்குத் தோன்றியது.

கழுவி எடுத்தபோது முதலும் கடைசியும் நன்றாக வந்திருந்தன. சக்கரம், கேட், கைகுலுக்கும் ஆட்கள். நடுவில் பதினோரு படங்கள் பால் கொட்டிய மாதிரி வெளுத்துக் கிடந்தன. படிக்கட்டுப் படங்கள் எல்லாம் அதில் போயின.

“கதவத் தள்ளி வெளிச்சத்த விட்டுட்டியேக்கா” என்றார்.

அவ்வளவு பலமாகவா தள்ளினேன் என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் நெகட்டிவைச் சுருட்டி உறைக்குள் போட்டார்.

நான்கு மாதம் கழித்து, மத்தியானம் படுத்த அத்தான் எழுந்திருக்கவில்லை. சுவரில் மாட்ட லைசென்ஸில் இருந்த படம்தான் மிஞ்சியது. முகம் உர்ரென்று இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அக்கா, “சிரிச்ச மாதிரி படம் இருந்துச்சு. நான்தான் கெடுத்துட்டேன்” என்றாள். பிறகும் யார் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தாலும் அதையே சொன்னாள். தம்பி பக்கத்தில் இருந்த நாட்களிலும் சொன்னாள்.

ஏழு வருஷம் ஓடியது. ஒருநாள் வீட்டில் யாருமில்லாதபோது இன்னொரு சுருள் அதேபோல் சிக்கியது. வெளியே எடுத்தால் அதே பால் திட்டு. தட்ட ஆளில்லை, வெளிச்சம் வர வழியில்லை.

வீணான பிலிம் ஒன்றை எடுத்துக்கொண்டு, விளக்கைப் போட்டபடியே ஈர ரீலில் ஏற்றிக் கழுவிப் பார்த்தார். சிக்கிய இடத்தில் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இடத்துக்குள் மருந்து புகவில்லை. அங்கேதான் பால் திட்டு. மற்ற இடமெல்லாம் கன்னங்கரேலென்று வந்தது. வெளிச்சம் பட்ட பிலிம் கறுக்கும், வெளுக்காது. அது அவருக்குத் தெரியாததல்ல. அன்றைக்கே நிதானமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க அவருக்கு மனசில்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டார். இரண்டு தடவை அக்கா வீட்டு வாசல்வரை போய், உள்ளே உட்கார்ந்து, காய்கறி விலையைப் பேசிவிட்டுத் திரும்பினார். மூன்றாவது தடவை பழைய நெகட்டிவை மேஜைமேல் வைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். தப்பு தன் கையில், அவள் கதவைத் தட்டும் முன்பே நடந்துவிட்டது என்றார்.

அக்கா நெகட்டிவைத் தொடவில்லை.

“எப்ப தெரியும் உனக்கு?”

“ஆறு மாசமா.”

“ஏழு வருஷம் தெரியாம இருந்தே, அத விடு. இந்த ஆறு மாசம் எப்படிடா சும்மா இருந்தே?”

அக்கா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. தலை வலிக்கிறது, படுக்கணும், நீ கிளம்பு என்றாள்.

மூன்று வாரம் கழித்து அவளே போன் செய்து, சமையலறைக் குழாய் ஒழுகுவதாகச் சொன்னாள். அவர் போய் வாஷரை மாற்றினார். அக்கா குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் டீ போடட்டுமா என்று, விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டாள். முன்பெல்லாம் கேட்காமலே போட்டு நீட்டுவாள். அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.