ஏழு ஒன்றுக்காரி

பேச்சித்தாய்க்கு ஒரு சக்களத்தி உண்டு என்று மாப்பிள்ளையூரணியில் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சக்களத்திக்குக் கையும் காலும் கிடையாது. அவள் ஓர் எண்: 11,11,111.

யுத்தம் நடந்த காலம். பேச்சித்தாயின் புருஷன் ஆறுமுகநயினார், தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறும் உப்பு மூட்டைகளுக்குக் கணக்கர். பல வருஷத்து மொத்தக் கணக்கு ஒருநாள் இந்த எண்ணில் வந்து நின்றது. ஏழு ஒன்றுகள். மனுஷன் அங்கேயே அவள் மோகத்தில் விழுந்துவிட்டார்.

இரண்டால் வகுத்தார், மிச்சம் ஒன்று. மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதால் வகுத்தாலும் அதே ஒன்றுதான். "என்ன பிடிவாதம் பாரேன் இவளுக்கு" என்று பெண்டாட்டியிடமே சொன்னார். பெண்டாட்டி கட்டியிருக்கும் சேலை என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பவருக்கு, இதைச் சொல்லும்போது முகமெல்லாம் மலர்ச்சி. பேச்சித்தாய்க்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

மிச்சமில்லாமல் வகுக்கும் எண் ஒன்று கிடைத்துவிட்டால் இந்த மோகம் தீர்ந்துவிடும் என்று அவள் நம்பினாள். மாலையில் அவருக்குக் கண் மங்கும். "நீங்க எண்ணைச் சொல்லுங்க, நான் சிலேட்டுல வகுக்கேன்" என்று தானே முன்வந்தாள். ஒத்தாசை என்று அவர் நினைத்தார். சக்களத்தியைத் தன் கையாலேயே வெட்ட வேண்டும் என்பது அவள் எண்ணம். ஆயிரத்து ஐம்பத்து நான்கு வரை பார்த்தால் போதும்; அதை அதாலேயே பெருக்கினால் ஏறக்குறைய அவள் வந்துவிடுவாள். அதற்குள் எதுவும் வகுக்கவில்லை என்றால் அவளை யாராலும் பிரிக்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிய கையோடு சிலேட்டை எடுத்தாள். அவர் இருநூற்று முப்பத்தொன்பது என்றார். வகுத்தாள். மிச்சம் பூஜ்யம்.

"மிச்சம் எவ்வளவுளா?"

விளக்கு எரிகிற நேரத்தில் இல்லை என்று சொல்லலாமா? சைபர் என்றாலும் அதே இழவுதான். அரிசிப் பானை காலியானால்கூட நிறைந்திருக்கிறது என்றுதானே நம் வீடுகளில் சொல்வது.

"நெறைஞ்சிருக்கு" என்றாள்.

"சரி, அடுத்தது இருநூத்தி நாப்பத்தொண்ணு."

உடைந்த பிறகும் அவளை விட மனசில்லையே இந்த ஆளுக்கு என்று பேச்சித்தாய் குமைந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு வகுத்து, "நூத்தியொண்ணு" என்றாள்.

கடைசி எண்ணும் முடிந்த மறுநாள் காலை, அவர் டீக்கடையில் உட்கார்ந்து, "அவளை எவனும் அசைக்க முடியாது" என்று பெருமையடித்தார். காதில் விழுந்ததும் பேச்சித்தாய் சிலேட்டோடு கடைக்கே போய்விட்டாள்.

"இருநூத்தி முப்பத்தொம்பதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"நெறைய மிச்சம் இருக்குன்னே."

"வெள்ளிக்கிழம விளக்கு வச்ச நேரத்துல வேற எப்படிச் சொல்லுவாக?"

கடை முழுக்கச் சிரித்தது. அவர் சிலேட்டை வாங்கி அங்கேயே வகுத்துப் பார்த்தார். 239 தடவை 4,649. தலையில் கையை வைத்துக்கொண்டார். பேச்சித்தாய்க்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பூ வாங்கிக் கொடுத்தார். அவளும் வைத்துக்கொண்டாள்.

வாசற்படியில் அவர் நின்றார். முகத்தில் அதே பழைய மலர்ச்சி.

"ஏளா, இந்த நாலாயிரத்தி அறுநூத்தி நாப்பத்தொம்பதை ஏதாவது வகுக்குமா?"

பேச்சித்தாய் பூவைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"இதை அவளுக்கே வச்சு விடுங்க."