கிட்டிய பத்து

கணக்கு வாத்தியார் வேலை பாட்டு வாத்தியார் வேலை மாதிரியல்ல. நாம் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய் உபயோகித்துவிடுவார்கள். நீங்களும் சாக்கட்டி பிடித்தவராயிருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும். சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் எந்த எண்ணையும் பக்கத்திலுள்ள பத்தாக்கும் ‘கிட்டிய பத்து’ பாடத்தை நான் நடத்திய வருஷத்துக் கதைகள் இவை.

நாற்பத்தைந்தாம் கதவு

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தையே பாடமாக்கினேன். நாற்பதாம் கதவருகே ஒரு தண்ணீர்க்குழாய், ஐம்பதாம் கதவருகே இன்னொன்று. “நாப்பத்தி மூணாம் வீட்டுக்காரிக்கு எந்தக் குழாய் கிட்ட?” என்றால் கூரை பறக்க ‘நாப்பது’ என்பார்கள். நாற்பத்தெட்டுக்கு ஐம்பது. என்னைவிடச் சுலபமாக இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

நாற்பத்தைந்தில் குடியிருந்தவள் என் மாணவி முனியம்மா. “ரெண்டும் சமதூரம். அப்படி வந்தா மேல போகணும், அதுதான் விதி. நீ அம்பதுக்குப் போ” என்றேன். அவள் அசையவில்லை.

“அம்பதாம் வீட்டுச் சித்திக்கும் எங்கம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்ல, வாத்தியாரே. நான் நாப்பதுக்குத்தான் போவேன்.”

மாரியம்மன் கோயில் பந்தி

திருவிழாவன்று சமையற்காரர், மேல் லயத்தில் எத்தனை பேர் என்று எண்ணிவர என் மாணவன் ஆறுமுகத்தை அனுப்பினார். அவன் ஒழுங்காக எண்ணினான், நாற்பத்து நான்கு. பிறகு பாடம் ஞாபகம் வந்து “நாப்பது” என்று சொல்லிவிட்டான். சோறு அளவாக வடித்தாயிற்று. கடைசியில் நான்கு பேர் கையைக் கழுவிக்கொண்டு நின்றார்கள்.

இலை முன்னால் உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன். மறுபடி உலை வைக்கச் சொல்லி, அது கொதிக்கும்வரை அவர்களோடேயே நின்றேன். அவர்களில் ஒருத்தி, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் செல்லம்மா, கோபமே இல்லாமல் சொன்னாள்:

“நாளைக்குப் பாடத்துல எங்க நாலு பேரையும் சேத்துக்குங்க, வாத்தியாரே.”

துரை எண்ணிய தலைகள்

தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். மரியாதைச் சொற்கள் மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபது பிள்ளைகள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு அந்தக் கொட்டகையில் உரமூட்டை அடுக்கப்போவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். மழைக்காலம். பாதிப் பிள்ளைகள் காய்ச்சலில் படுத்திருந்த நாளாகப் பார்த்து வந்து நின்றார். கைத்தடியை நீட்டி நீட்டித் தாமே எண்ணினார்.

“பதினாறு. இருபது எங்கே, வாத்தியார்?”

காய்ச்சல் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முனியம்மா எழுந்தாள். “பதினாறுக்குக் கிட்டிய பத்து இருபதுதாங்க, தொரை.”

துரை அவளைப் பார்த்தார். பிறகு கரும்பலகையைப் பார்த்தார். அதில் அந்தப் பாடமேதான் இருந்தது. தொப்பியைக் கழற்றிச் சிரித்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

“நல்ல பாடம். ஆனா பதினாலு வந்தா நான் பத்துன்னு எழுதுவேன், தெரிஞ்சுதா?”

பன்னிரண்டு வயது

மறுநாளிலிருந்து காலையில் லயம் லயமாகப் போய்ப் பிள்ளைகளைக் கையோடு அழைத்துவந்தேன். ஒரு தலைகூட எனக்குக் குறையக்கூடாது. அந்தச் சமயத்தில்தான் முனியம்மாவின் அப்பா பெரியசாமி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். “பன்னெண்டு வயசாச்சு, படிச்சது போதும். புல்லு வெட்டப் போகட்டும்” என்றார்.

நான் வாதாடிப் பார்த்தேன். அவர் மகளின் கையைப் பிடித்துவிட்டார். அவள் பலகையைக் காட்டி, “பன்னெண்டுக்குக் கிட்டிய பத்து பத்துதாம்ப்பா. எனக்கு இன்னும் பத்து வயசுதான்” என்றாள்.

பெரியசாமி பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிடித்த கையை விட்டார்.

“அப்ப பதினாலு வரைக்கும் இவ ஒங்ககிட்டயே இருக்கட்டும், வாத்தியாரே. பதினஞ்சு பொறந்தா ஒரே நாள்ல இருபது ஆயிடுவா, மாப்பிள்ளையை நீங்கதான் பாக்கணும்.”

ஆகவே, கணக்கு வாத்தியாராக வர விரும்புகிறவர்கள் எண்களை நினைத்துப் பயப்படவே வேண்டாம். அவை எதிர்த்துப் பேசுவதில்லை.